இடது கையைப் பிரித்த விவரம்

ஸ்கார்ஃபவிக்,
பிப்ரவரி 4, ஞாயிறு

அன்பு மகள் ஸால்காவுக்கு,

ஜனவரி பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, இரண்டு கோப்பை காப்பி குடித்து, வானொலியில் வானிலை அறிக்கையை முழுவதும் கேட்டு, நன்மை தீமைகளைத் தீர ஆராய்ந்தபின், இடது கையை முழங்கை வரை பிரித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். என் கையை அல்ல, பயப்படாதே, ஸ்வெட்டரின் கையை. மற்றபடி உன் அம்மா சுகம், பூனை சுகம், கூரை இன்னும் வீட்டின் மேல்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நீயும் அந்த நாற்பது டிகிரி வெயிலில் உருகிவிடாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விளக்கு வந்து சேர்ந்தது. தினமும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தால் குளிர்காலச் சோர்வு பறந்துவிடும் என்று பெட்டியின் மேல் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்து பார்த்தேன். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது, செய்யாத குற்றங்களை எல்லாம் ஒப்புக்கொள்ளத் தோன்றியது. இப்போது அதைப் பூனை உபயோகிக்கிறது, பூனைக்குச் சோர்வு அறவே இல்லை. நவம்பர் நடுவில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் ஜனவரிக் கடைசியில்தான் ஊருக்குத் திரும்பும் என்பது உனக்குத் தெரியாததா, பதினொன்றரைக்கு வெளியே கொஞ்சம் நீலமாகும், இரண்டரைக்குத் தன் தவறை உணர்ந்து மறுபடி கறுப்பாகும். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. கோடையில் யாராவது ஒருவர் வேலியைச் சரிசெய், உருளைக்கிழங்கு நடு, வெளியே வா என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இருட்டில் யாரும் யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அடுப்பில் ரொட்டி, ஜன்னலில் விளக்கு, மடியில் கம்பளி, வீடு முழுக்க நனைந்த ஆட்டின் வாசனை. ஊசி நகர்கிறவரை கடிகாரம் நகர்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. ஆகவே அம்மா இருட்டில் தனியாக அழுதுகொண்டிருப்பாள் என்ற கவலையை விடு. இந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு கவலை இருந்தது உண்மைதான், ஆனால் அதற்கும் இருட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு எய்வின்ட்.

நீ சின்ன வயதில் அவருடைய வலைக் கொட்டகையில் தூங்கிப்போய் ஊரே உன்னைக் கடலில் தேடியதே, அதே எய்வின்ட்தான். அவருக்கு எழுபத்தொன்று ஆகிறது. அவர் மனைவி லில்யா இறந்து ஒன்பது வருடம். அக்டோபரில் தன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார், அடிபட்டது படிக்குத்தான் என்று அவர் சொல்கிறார், ஆனால் தெற்கே தலைநகரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகன் பிர்கிர் அப்படி நினைக்கவில்லை. காப்பீட்டுக்காரர்கள் கண்ணுக்குப் படி என்பது விழுவதற்காகவே கட்டப்பட்டது. அவன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்பாவுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டான், ஜனவரி முடிகிற வரை வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டாராம். நவம்பரில் ஒருநாள் எய்வின்ட் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தெற்கே போறேன், ஸ்டெய்னுன். அங்க லிஃப்ட் இருக்காம்" என்றார். நல்லது என்றேன். "ஆனா ஒரு உருப்படியான ஸ்வெட்டர் இல்லாம போகமாட்டேன். நீங்க பின்னித் தர்றீங்களா? முடிஞ்ச அன்னைக்குக் கிளம்பிடறேன்" என்றார். கண்டிப்பாக என்றேன். நான் படித்தவள், முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர் நூலகத்தை நடத்தியவள், இருந்தும் அவர் சொன்னதன் இரண்டாம் பாதி அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகுதான் எனக்குப் புரிந்தது. இதில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை எதுவும் இல்லை என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், ஒருவர் போனால் நூற்றுப் பதினொன்று, அது ஊருக்கு நல்லதல்ல. அவ்வளவுதான்.

அளவு எடுத்தேன். மார்பு நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். தேவைக்கு மேல் இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, நாடா பழசு. உனக்கும் யாரையாவது அளக்க நேர்ந்தால் பழைய நாடாவையே பயன்படுத்து. சாம்பல் நிறக் கம்பளி எடுத்து ஊசியில் கண்ணி ஏற்றினேன். உன் அப்பா போனபிறகு ஆறு வருடமாகக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும்தான் பின்னியிருக்கிறேன் என்பது முதல் சுற்று முடிகிற வரை எனக்கே நினைவில்லை. ஊசியில் இருந்த வட்டம் அவ்வளவு பெரிதாக இருந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் தெரியவில்லை, மத்தியானம் மூன்று மணி. பிறகு இரண்டாவது சுற்றைத் தொடங்கினேன்.

உன் அம்மா மனது வைத்தால் ஒன்பது நாளில் ஒரு ஸ்வெட்டர் முடிப்பாள். இந்த முறை மனது வைக்கவில்லை, அப்படியும் கிறிஸ்துமஸுக்குள் உடலும் வலது கையும் முடிந்துவிட்டன, பழகிய விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. உனக்குத் தெரியும், உடல் தனி, கைகள் தனித்தனி, மூன்றும் ஒரே ஊசியில் வந்து சேர்ந்தால்தான் தோளில் பூ வேலை தொடங்க முடியும், ஆகவே இடது கை முடியாதவரை மேலே ஒன்றும் நடக்காது. மேற்சொன்ன வியாழக்கிழமை இடது கை மணிக்கட்டில் தொடங்கி அக்குளை நெருங்கிவிட்டது. அப்போதுதான் மேற்சொன்ன முடிவை எடுத்தேன். அடுத்த வாரமும் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் வழக்கம்போல் ஹல்லாவும் தோர்டிஸும் பின்னல் பைகளோடு என் சமையலறைக்கு வருகிறார்கள். ஹல்லா முப்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்தவள், மூடிய உறையின் உள்ளே இருப்பதைப் படிக்கிறவள், அவளிடம் ஒரு கையை மறைப்பது நடக்கிற காரியமா? "என்னடி ஸ்டெய்னுன், போன வாரம் இந்தக் கை முழங்கை தாண்டி இருந்துச்சே, குளிருல சுருங்கிடுச்சா?" என்று கேட்டாள். அளவு சரியில்லை, பிரித்தேன் என்றேன். "யாரோட அளவு? கையோடதா, காலண்டரோடதா?" என்றாள். பாதிரியாரின் மனைவி தோர்டிஸ் பொய்க்குத் துணை போகாதவள், அதனால் தலையைக் குனிந்துகொண்டு, "கேக் நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இருபத்துமூன்றாம் தேதி ஒரு விபரீதம். முதல் நாள் ஐம்பத்தெட்டுச் சுற்றில் நிறுத்தியிருந்தேன், காகிதத்தில் குறித்தும் வைத்திருந்தேன். கூடையிலிருந்து எடுத்தால் ஐம்பத்திரண்டு இருக்கிறது. முதலில் பூனையைச் சந்தேகித்தேன். ஆனால் பூனைக்குப் பிரிக்கத் தெரியும், கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றத் தெரியாது. இங்கே கண்ணிகள் எல்லாம் ஊசியில் ஏறியிருந்தன, ஒன்றுவிடாமல் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் சுவரைப் பார்த்து நிற்கிற மாதிரி. அதைவிட மோசம், நூல் அறுந்த இடத்தில் ஒரு முடிச்சு! நம் முறுக்காத கம்பளி கொஞ்சம் இழுத்தாலே அறுந்துவிடும், அறுந்தால் இரண்டு நுனியையும் எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து ஒட்டவைப்போம், இந்த நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் கம்பளியில் முடிச்சுப் போடமாட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை. ஹல்லா இரண்டு கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு முடிச்சை ஆராய்ந்தாள். "இது பின்னுற கை இல்லடி, வலை கட்டுற கை. கடல்ல கிடந்தாலும் அவிழாது. நம்ம ஊர்ல இந்த முடிச்சு போடத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு, ஒருத்தரு கல்லறையில இருக்காரு" என்றாள். தோர்டிஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னொருத்தரு மூணு மணிக்குக் காப்பிக்கு வருவாரு" என்றாள். உண்மைதான், தினமும் வருகிறார், தினமும் நான் பால் எடுக்கவோ கிழங்கு எடுக்கவோ கீழே போகிறேன், கூடை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முகம் ஏன் சிவக்குது, அடுப்புச் சூடா?" என்றாள். வாயைத் திறந்தால் அடுத்த வாரம் கேக் கிடையாது என்று இருவரையும் எச்சரித்து அனுப்பினேன். ஆனால் ஒரு முடிச்சை வைத்து என்ன சொல்ல முடியும்? ஒரு மனிதர் சும்மா கை துறுதுறுத்து ஆறு சுற்றுப் பிரித்திருக்கலாம். ஜனவரி முடிய எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளில் நான் எவ்வளவு பின்னினேன், எவ்வளவு பிரித்தேன் என்று எழுத மாட்டேன்.

இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை சூரியன் வந்தது. நாலு நிமிடம், மீன் கொட்டகையின் கூரையில் மட்டும், ஆனால் வந்தது. சூரியன் திரும்பும் நாளில் ஊர் கூடிக் குடிக்கிற சூரியக் காப்பி இந்த வருடம் நம் வீட்டில், அறுபது பான்கேக் சுட்டேன், ருபார்ப் ஜாம் இரண்டு ஜாடி காலி. நடுவில் வாசலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. அப்பாவைக் கூட்டிப்போக வந்த பிர்கிர் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, ஸ்வெட்டர் முடிந்ததா என்று கேட்டான். இடது கை பாக்கி என்றேன். "ஒரு கைதானே? அப்பா கிளம்பட்டும், நீங்க அதைத் தபால்ல அனுப்பிடுங்க" என்றான். அறையில் யாரும் மெல்லவில்லை. ஹல்லா தட்டைக் கீழே வைத்தாள். "தம்பி, முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தேன். யாரோட கையையும் நான் பார்சல்ல வாங்கினதில்ல" என்றாள். அவன் விடவில்லை, தெற்கே பின்னத் தெரிந்தவர்கள் யாராவது முடித்துத் தருவார்கள் என்றான். அதற்குத் தோர்டிஸ், அந்தச் சாது, எழுந்தே நின்றுவிட்டாள். "ஒரு உடம்புக்கு ரெண்டு பொம்பளைங்க கையா? ஒருத்தி இறுக்கிப் பின்னுவா, ஒருத்தி தளர்த்திப் பின்னுவா. உங்க அப்பா கோணிக்கிட்டு நடக்கணுமா?" என்று கேட்டாள். பாவம் பிர்கிர், கெட்ட பையன் இல்லை, அப்பா மறுபடி விழுந்துவிடுவாரோ என்ற பயம் அவன் முகத்தில் எழுதியிருந்தது. "அப்பா, வீட்டுக்காரர் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் காத்திருப்பார்" என்றான், அதட்டலாக இல்லை, கெஞ்சலாக. எய்வின்ட் ஒன்பதாவது பான்கேக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சட்டியில் இருந்ததைத் திருப்ப மறந்து கருகவிட்டேன். அவர் மகனைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பிறகு ரொம்ப வருத்தமாக, "பாவம்டா, அந்த மனுஷனைக் காக்க வைக்காதே" என்றார்.

வண்டி காலியாகத் திரும்பக் கூடாது என்று பாதிரியார் வீட்டுப் பழைய சோபாவை ஏற்றி அனுப்பினோம். அப்பா வீட்டு வாசல் படிக்குக் கைப்பிடி வைத்தே ஆகவேண்டும் என்று பிர்கிர் நிபந்தனை போட்டான், நியாயம்தான், மறுநாளே வைத்தாயிற்று. எல்லோரும் போனபிறகு எய்வின்ட் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமல், "மொத்தம் எத்தனை சுத்து பிரிச்சீங்க?" என்றார். தொண்ணூற்று நாலு என்றேன், நீங்கள் எவ்வளவு என்றேன். "ஆறுதான். நூல் அறுந்துடுச்சு, பயந்துட்டேன்" என்றார். கண்ணி எல்லாம் பின்பக்கம் திரும்பியிருந்தது என்றேன். "இருட்டா இருந்துச்சே" என்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எய்வின்ட், என்றேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

ஸால்கா, நீ என்ன நினைப்பாயோ என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். உன் அப்பாவின் நாற்காலி அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதில் பூனை படுக்கிறது, யாரும் அதை எழுப்புவதில்லை, எய்வின்டும் அதில் உட்கார்ந்ததில்லை. இடது கை புதன்கிழமை முடிந்தது, மூன்றும் ஒரே ஊசிக்கு வந்துவிட்டன. முடிச்சை அப்படியே விட்டிருக்கிறேன், அது உறுத்தும் என்று சொல்லிப் பார்த்தேன், உறுத்தட்டும் என்றார். உனக்கு இதில் சொல்ல ஏதாவது இருந்தால் நேராக எனக்கு எழுது, ஹல்லாவுக்கு எழுதாதே, அவள் உறையைப் பிரிக்காமலே படித்துவிடுவாள்.

தொப்பி போடாமல் வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. உன் பாஸ்போர்ட் ஜூனில் முடிகிறது, இப்போதே விண்ணப்பம் போடு, கடைசி நாள் வரை வைத்துக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழவிடாதே. நீ இருக்கிற இடத்தில் உன் வாசல் பத்திரமாக இருக்கட்டும், உன் நாட்கள் இதமாக இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
ஸ்டெய்னுன்

பின்குறிப்பு: வாழ்த்து அட்டை அனுப்ப எய்வின்டின் தெற்கு முகவரியைக் கேட்டிருந்தாய். ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே ஒரு பல் மருத்துவர் குடியிருக்கிறார்.