சுற்றாதவர்களுக்கு இரண்டு பக்கம்

வெள்ளிக்கிழமை காலை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆய்வக மேசையில் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இரும்புத் தகட்டை வெட்டி, நடுவில் பேரிங் வைத்து, ஓரமெல்லாம் ராவி மினுக்கிய காற்றாடி. லேத் பட்டறை எண்ணெய் வாசம் அறை முழுக்கப் பரவியது. "எங்கப்பா செஞ்சு குடுத்தாருங்க டீச்சர்" என்றாள். தூக்கிப் பார்த்தேன், அரைக் கிலோவுக்குக் குறையாது. உன்னிடம் காட்டுவதற்காகப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் திரும்பிவிட்டேன்.

நாம் இருவரும் பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதியில் இந்தப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியைகளாக வந்த முதல் வருடம், நீ கரும்பலகையில் எழுதிப் போட்டாய்: வீட்டில் வீணாய்க் கிடப்பதை வைத்துக் காற்றாடி செய்து வரவும். அதைச் சின்ன மோட்டாரில் மாட்டி, காற்றால் பல்பை எரிய வைப்பது உன் திட்டம். நீ நினைத்தது அட்டையும் தண்ணீர் பாட்டிலும். இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் வீணாய்க் கிடந்தது இரும்பு. பாதி அப்பாக்கள் லேத்தில் நிற்பவர்கள். பிள்ளைகளைத் தொடவே விடாமல் தாங்களே கடைந்து அனுப்பிவிட்டார்கள்.

மொட்டை மாடியில் ஆடிக் காற்று நம் புடவையைப் பிய்த்தது. ஒரு காற்றாடியும் அசையவில்லை. பார்க்க வந்திருந்த அப்பா ஒருவருக்கு மனது கேட்கவில்லை.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமுங்க. இது சுத்தாதுங்களா?"

"அம்மியா இருந்தாப் பறந்திருக்குமுங்க. நீங்க அதவிடக் கனமா மாட்டிப்போட்டீங்களே" என்றாய். அவரே முதலில் சிரித்தார்.

அப்போது தலைமை ஆசிரியை படியேறி வந்தார். அவர் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் பக்கத்திலிருந்த காற்றாடியை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். பல்பு மினுக்கென்று எரிந்தது. "நல்லாருக்கு" என்று சொல்லி அவர் இறங்கிப் போனார்.

நீ அருகில் வந்து மெதுவாகக் கேட்டாய்: "ஏனுங்க டீச்சர், உங்க விரலு எத்தன வாட் பவருங்க?"

நமக்குள் நீ, வா, போதான். எனக்கு நீ 'ங்க' போட்டால் கோபம் என்று அர்த்தம். நீ பிள்ளைகளிடம் திரும்பி, "சுத்துனவங்க நோட்டுல ஒரு பக்கம் எழுதுங்க கண்ணு. சுத்தாதவங்க ஏன் சுத்தலைன்னு ரெண்டு பக்கம்" என்றாய். அதுவே நம் வெள்ளிக்கிழமை வழக்கமாகிப் போனது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அது எனக்கு வெறும் பிடிவாதமாகத்தான் தெரிந்தது. எனக்கு மதிப்பெண்தான் முக்கியமாக இருந்தது. அந்த இரண்டாவது பக்கத்தில்தான் அவர்கள் யோசிக்கிறார்கள் என்பது புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

கடைசியாகக் கோட்டைமேட்டில் உன் வீட்டுக்கு வந்தபோதுகூட நீ உன் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரம் பிள்ளைகள் பாட்டில் தண்ணீரில் மண்ணைக் குலுக்கி ஆய்வகத்தில் வைத்திருந்தார்கள். "மண்ணு பாட்டிலெல்லாம் மூடியத் தொறந்து வெச்சயா? நாறிப் போயிரும்" என்றாய். நான் திறந்து வைத்திருக்கவில்லை. வைத்தேன் என்று சொன்னேன்.

இப்போதைய தலைமை ஆசிரியை போன வாரம் என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைக் கடைசி இரண்டு பீரியடும் தேர்வுக்கு வேண்டுமாம். செய்முறையெல்லாம் ஸ்மார்ட் போர்டில் வீடியோவாகவே இருக்கிறதாம். "எதுக்கும் நான் ஒரு தடவ வந்து பாக்கறனுங்க மேடம். பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார். மேற்கே புதிதாக எழும்பிய அபார்ட்மெண்ட், பள்ளி மாடிக்கு வரும் காற்றை மறித்து நின்றது. இரும்பு மட்டுமல்ல, காகிதக் காற்றாடிகூட அசையவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தார். அந்த இரும்புக் காற்றாடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு சுண்டு போதும், உன் வெள்ளிக்கிழமை பிழைத்துவிடும். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வீடியோல நல்லாச் சுத்துதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

நான் பிள்ளைகளிடம் இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். அபார்ட்மெண்ட் மறைக்கிறது என்று எல்லோரும் முதல் வரியிலேயே முடித்துவிட்டார்கள். "சரி, அப்ப அந்தக் காத்து எங்க போச்சு?" என்று கேட்டேன். காற்றாடிகளைத் தூக்கிக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் இல்லை, மைதானத்தில் இல்லை. கழிப்பறைச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து இருக்கிறதே, அங்கே ஒரு காகிதக் காற்றாடி படபடவென்று சுற்றி, பல்பு எரிந்தது. இரும்பு கொண்டு வந்தவள்தான் சந்திலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். அவளுடையது அங்கேயும் சுற்றவில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

"டீச்சர், இங்கொரு பாலக்காட்டுக் கணவாய் இருக்குதுங்க."

மலை விட்ட இடைவெளி வழியாக நம் ஊருக்குள் மேல்காற்று நுழைவதை முந்தைய வாரம் வரைபடத்தில் காட்டியிருந்தேன். அந்தச் சந்து பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று திங்கட்கிழமை. காலையில் நோட்டுகளை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். நின்றுகொண்டே ஏழெட்டுப் பக்கங்கள் படித்தார்.

"இத நீங்க சொல்லிக் குடுக்கலீங்களா?"

"இல்லீங்க. மாடில சுத்துச்சுன்னா இத எழுதியிருக்கவே மாட்டாங்க."

நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு பீரியடை விட்டுத் தருவதாகச் சொன்னார். மற்றது தேர்வுக்குத்தான். நன்றி சொன்னேன். அந்த இன்னொன்றைக் கேட்டு அடுத்த மாதமும் வருவேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். போவேன். அதற்கடுத்த மாதமும் போவேன்.

இந்த வாரம் மண். வீட்டருகே உள்ள மண்ணை ஒரு பிடி கொண்டுவந்து, பாட்டில் தண்ணீரில் குலுக்கி, எது முதலில் அடியில் படிகிறது, எது கடைசிவரை கலங்கியே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மத்தியானம் அதைச் சொன்னதும் இரும்புக் காற்றாடிக்காரி எழுந்தாள். "எங்கூட்டச் சுத்தி பவுண்டரில இரும்பு ஊத்திட்டுக் கொட்டுன கருமண்ணுதானுங்க டீச்சர் கெடக்குது. அதக் கொண்டாரலாமுங்களா?"

"கொண்டா."

"அது எப்பிடிப் படியுமுங்க?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. "எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன்.