கடைசிச் சுற்றில் நான் செய்த காரியம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கை அணைக்கும்போது நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். உடம்பளவில் என்று போட்டிருக்கிறேனே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் பேசுகிறவள் எதற்கு இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சிரிக்கிறாய், அப்பா பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எழுதினால் நடுவில் பேச ஆளில்லை. முழுவதையும் படி, அப்புறம் கூப்பிடு.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், உன் அப்பாவுக்கு மட்டும் பல் போனபிறகு சொல் இரண்டு மடங்காகிவிட்டது. மாடிக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆயுசெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷனுக்கு ஒரு குழாயை அடைக்கத் தெரியவில்லை, கேட்டால் அது வேறு இது வேறு என்கிறார். எனக்குக் கடையில் வேலை குறைவில்லை, இந்த மாதம் முழுக்க ஜிப் மாற்றுவதும் பேண்ட் நீளம் குறைப்பதும்தான், ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் பெருத்துப்போய்விட்டார்களோ என்னவோ. மருமகளுக்கு இருமல் விட்டதா? ஈரத் தலையோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாகவே சொல்வதுபோலச் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சைக்கிள் கிளப்பின் பந்தயங்கள் இந்த வருஷத்துக்கு முடிந்துவிட்டன. கடைசிப் பந்தயத்தில் நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் போட்டோவை உன் ஸ்டேட்டஸில் வைத்து, என் அம்மா சிங்கம் என்று எழுதி, ஆபீஸ் முழுக்கக் காட்டியிருக்கிறாய். அதை முதலில் எடுத்துவிடு. அப்பா உன்னிடம் அந்தக் கதையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறையாகச் சொன்னார், மூளையால ஓட்டினாடா உங்கம்மா என்றார். நீயும் என்ன சொன்னாய்? ரேஸ்னா ரேஸ்தாம்மா, ஏமாந்தவங்க ஏமாந்ததுதான் என்றாய். எனக்குப் பகீர் என்றது. சின்ன வயதில் பரமபதம் விளையாடும்போது நீ காயை ஒரு கட்டம் தள்ளி வைத்ததற்கு முதுகில் ஒன்று வைத்தவள் நான். இன்று என்னைப் பார்த்துத்தான் நீ இதைச் சொல்கிறாய் என்றால் அந்தக் கேவலத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

நீ எங்கள் பந்தயத்தை நேரில் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடவுன்கள் எல்லாம் பூட்டிக்கிடக்கும் தெருவில்தான் நடக்கும், லாரி வராது. வேலை செய்கிற சனங்கள்தான் ஓட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள்தான் கொடி பிடிக்கிறவர்கள். செயலாளராக இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், விசிலை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார், விசிலோடேயே பேசுவார், ஒன்றும் புரியாது. எங்கள் பிரிவு ஐம்பதைத் தாண்டிய பெண்கள், பென்ஷன் படை என்று பின்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கோடவுன் வரிசை முடிந்ததும் ஏரிக்கரை ஓரமாக ஒரு நீளமான நேர் ரோடு வரும், அங்கே காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அந்த ரோட்டில் முன்னால் போகிறவளுக்குத்தான் உயிர் போகும், அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்குப் பாதிச் சிரமம்தான். அதனால் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு, கொஞ்ச தூரம் நீ முன்னால் போனால் கொஞ்ச தூரம் நான் முன்னால் போகவேண்டும். ஒருத்தி முதுகில் ஒளிந்துகொண்டே வந்துவிட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் அவளைத் தாண்டக்கூடாது. சட்டத்தில் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியம் இதுவரை யாருக்கும் வரவில்லை, அதை நான்தான் வரவைத்தேன்.

பேக்கரியக்காவை உனக்குத் தெரியும், போன வருஷம் வந்தபோது நீ சூடாக ரொட்டி வாங்கி வழியிலேயே தின்று தீர்த்தாயே, அந்த அடுப்படியில் நிற்பவள். இரண்டு வருஷமாக நானும் அவளும்தான் ஜோடி. மழையில் நடந்த பந்தயத்தில் நான் சேற்றில் விழுந்தபோது அவள்தான் என் கைப்பிடியை நேராக்கித் தந்தாள், அவளுக்கு டயர் போனபோது நான் அவளோடு தள்ளிக்கொண்டே வந்தேன், இரண்டு பேரும் கடைசியாக வந்து அவ்வளவு சிரித்தோம். கடைசிப் பந்தயத்தில் யார் முதலில் வருகிறார்களோ அவரைத்தான் ஊர்களுக்கு நடுவே நடக்கும் பெரிய பந்தயத்துக்குக் கிளப் அனுப்பும், ஒரு பிரிவுக்கு ஒரே ஆள். அக்காவுக்கு அதில் அவ்வளவு ஆசை. எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு சுற்று வரை முறை தப்பாமல் மாறி மாறித்தான் ஓட்டினோம், மற்றவர்கள் எல்லாம் வெகு பின்னால். கடைசிச் சுற்றில் ஏரிக்கரை ரோட்டுக்குள் திரும்பியதும் என் கெண்டைக்கால் கல்லாகச் சுருண்டுகொண்டது. அக்கா, காலு புடிச்சுக்கிச்சு என்று கத்திவிட்டேன். அவள் போயிருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அவள் வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்து என்னோடு சேர்ந்துகொண்டாள், அழுத்தி மிதிக்காதே, சும்மா சுத்திக்கிட்டே என் பின்னாடி ஒட்டிக்கோ, காத்தை நான் பார்த்துக்கறேன் என்றாள். அந்த ரோடு முழுக்க அவள்தான் முன்னால். அவள் சட்டை முதுகு நனைந்துபோனதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். என் காலில் பிடிப்பு மெதுவாக விட்டுவிட்டது. வளைவு திரும்பியதும் வெள்ளைக்கோடு தெரிந்தது, உன் அப்பா ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்துகிறார். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். தெரிந்துதான் போனேன். என் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் இடது பக்கமாகத் தலையைத் திருப்பினாள், நான் வலது பக்கமாக அவளைத் தாண்டினேன்.

எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள், கோப்பையைக் கையில் திணித்தார்கள், நீ பார்த்த போட்டோ அப்போது எடுத்ததுதான். அக்கா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, கால் எப்படி இருக்கு என்று கேட்டாள். அதில் ஒரு குத்தலும் இல்லை. இப்ப பரவாயில்லைக்கா என்றேன். அன்றிலிருந்து குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? பேக்கரித் தெருவையே விட்டுவிட்டு அடுத்த தெருவில் போய் ரொட்டி வாங்கினேன். அது பஞ்சைத் தின்பதுபோல இருக்கிறது, அப்பா இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் இருக்கிற பல்லும் இதுல போயிடும்போல என்று தானே கிளம்பிப் பேக்கரிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பையை வைத்துக்கொண்டே சாவகாசமாகச் சொல்கிறார், பெரிய பந்தயத்தன்னைக்கு அந்தம்மா முன்கூட்டியே லீவு சொல்லி வச்சிருந்ததாம், அடுப்படிப் பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து அதோட வேலையைப் பங்கு போட்டுக்கிட்டாங்களாம், இப்ப லீவு வேண்டாம்னு சொல்லிடுச்சாம் என்று. சொல்லிவிட்டு ரொட்டியை வெட்ட உட்கார்ந்துவிட்டார். என் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அக்கா தனக்கென்று ஒரு நாள் லீவு கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்போதாவது நேராகப் போய் அவளிடம், நான் பண்ணினது தப்பு என்று சொல்லியிருக்கவேண்டும். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கண்ணாடிக் கடைக்குப் போனாள். செயலாளரிடம், எனக்கு முழங்கால் வலி, டாக்டர் ஓட்டக்கூடாது என்கிறார், அக்காவை அனுப்பிவிடுங்கள் என்றாள். முழங்காலும் இல்லை டாக்டரும் இல்லை. அவரும் ஐயோ பாவம் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் எழுந்து போகும்போது படியிறங்கக் கைகொடுத்தார், நானும் நொண்டினேன். சொல்ல நாக்குக் கூசுகிறது, எந்தக் காலை நொண்டுவது என்று யோசித்து நொண்டினேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா என் கடைக்கே வந்துவிட்டாள், மேல்துணியில் மாவு ஒட்டியபடி, வேலைக்கு நடுவில். கடையில் ஒரு பெண் ஜிப் மாற்றிய பாவாடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தேவலை. அன்னைக்குப் பொய்யா ஒரு வலி சொல்லி என்னை நிறுத்தி ஜெயிச்சே, இன்னைக்குப் பொய்யா ஒரு வலி சொல்லி இடத்தைத் தூக்கிப் போடறே, நான் என்ன கையேந்திக்கிட்டு நிக்கறேனா என்றாள். நான் திடுக்கிட்டுப்போனேன். அக்கா, முழங்கால் பொய்தான், ஆனா அன்னைக்குக் கால் நிஜமாவே புடிச்சுதுக்கா, சத்தியமா புடிச்சுது என்றேன். அப்படியா என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் செய்த துரோகம் துரோகம்தான், ஆனால் கால் பிடித்துக்கொண்டது நிஜம், அது ஒன்றுதான் அன்றைக்கு என் பக்கத்தில் மிச்சமிருந்த உண்மை. அதையும் என் வாயாலேயே பொய்யாக்கிக்கொண்டேன். இனி எந்த டாக்டர் வந்தும் நிரூபிக்க முடியாது. பாவாடைக்காரி, ஜிப்பு இறுக்குதுக்கா என்றாள், நான் அதைப் பிரித்து மறுபடி தைத்தேன், இரண்டு முறை கோணலாகப் போயிற்று.

அவள் போகமாட்டேன் என்று செயலாளரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். நானும் போகாவிட்டால் எங்கள் பிரிவிலிருந்து ஆளே இல்லை, கிளப்புக்கு அவமானம் என்று அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கெஞ்சுகிறார். சரி, முழங்கால் பொய் என்று அவரிடம் ஒத்துக்கொண்டேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சும்மா ஓட்டிப் பழகுகிற நாள். அக்கா வந்திருந்தாள். ஏரிக்கரை ரோட்டில் நான் ஒன்றும் பேசாமல் முன்னால் போனேன், முறை மாற்றக் கையைக் காட்டவே இல்லை, காற்று என்னைப் பிய்த்தது, பிய்க்கட்டும் என்று ரோடு முடியும்வரை நானே முன்னால் போனேன். இத்தனை தூரமாவது அவள் என் முதுகில் இளைப்பாறி வரட்டும் என்று மனசுக்குள் ஒரு ஆறுதல். வளைவில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அவள் இல்லை. ரோட்டின் அந்தப் பக்கத்து ஓரமாக, எனக்குச் சற்றுப் பின்தள்ளி, தன் காற்றைத் தானே வாங்கிக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறாள். என் முதுகு மறைவு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டேன்.

சைக்கிளைப் பூட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள். அக்கா, நான் பண்ணினது தப்பு என்று அப்போதுதான் என் வாயில் வந்தது, எவ்வளவு நாள் கழித்து வருகிறது பார். தெரியும் என்றாள். தன் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, பெரிய பந்தயத்துல வேணும்னே தோத்துட்டு வந்து என் மூஞ்சில முழிக்காதே, அது மூணாவது பொய்யாயிடும் என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல நின்றேனடா. அங்கே போய்க் கடைசியாக வந்துவிடுவது என்று அதற்கு முந்தின ராத்திரிதான் முடிவு செய்து வைத்திருந்தேன், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அவளுக்கு எப்படித் தெரிந்தது? என்னை அவ்வளவு தெரிந்தவளைத்தான் நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதனால் போகிறேன், முழு மூச்சோடு ஓட்டப்போகிறேன். ஜெயித்தாலும் வெட்கம், தோற்றாலும் வெட்கம், ஓட்டுவதாவது நிஜமாக இருக்கட்டும். அக்கா என்னோடு பழையபடி பேசுவாளா என்பது அவள் இஷ்டம், நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பந்தயம் முடிந்திருக்கும். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் நம்பிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருங்கள், என் வாழ்த்து எப்போதும் உங்கள் கூடவே இருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு, படுக்கையில் போனை நோண்டாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. கோப்பை வாங்கின அந்தப் பந்தயத்தைப் பற்றி உன் ஆபீஸில் யாராவது கேட்டால் அம்மா முதலில் வந்தாள் என்று சொல், ஜெயித்தாள் என்று சொல்லாதே.

உன் அன்புள்ள
அம்மா