எடுத்துக்கோங்க என்று சொல்லப்போய்

என் கண்ணே ரவந்த்,

கடவுள் உன்னைத் தன் பார்வையிலேயே வைத்திருக்கட்டும். இங்கே நம் ஸல்த் ஊரில் நானும் உன் அப்பாவும் சுகம், அவர் முழங்காலைத் தவிர. அது ஹம்மாம் தெருப் படிகளைக் கண்டாலே முனகுகிறது. திராட்சைக் கொடி இந்த வருஷம் நன்றாகக் காய்த்துவிட்டது, பறித்துத் தின்னத்தான் வீட்டில் ஆளில்லை. மாண்ட்ரியாலில் குளிர் தொடங்கும் முன்னே நல்ல காலணி வாங்கிக்கொள்.

போன வாரம் போனில் நீ கத்திய கத்தில் அப்பா தேநீரை மடியில் கொட்டிக்கொண்டார். "அம்மா, ஸிரீன் கழுத்துல என் மாலைம்மா! போட்டோ பாத்தேன்! யாரு செஞ்சதுன்னு கண்டிப்பா கேப்பாங்க பாரு" என்று அழுதாய், சிரித்தாய். அவள் வடிவமைத்த நகைகளின் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலமாரிக் கதவு முழுக்க ஒட்டியவள் அல்லவா நீ. சமையலறை மேசையில் உட்கார்ந்து டெலிபோன் கம்பியை உரித்து வளைத்து, ஆலிவ் கொட்டையில் ஓட்டை போட்டு எனக்குக் கம்மல் செய்தாயே, அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் எனக்குக் காது புண்ணாயிற்று. அதுகூட இப்போது நினைத்தால் இனிக்கிறது. உன் இடுக்கி கீறிய கோடுகள் மேசையில் இன்னும் இருக்கின்றன, மேலே விரிப்புப் போட எனக்கு மனம் வருவதில்லை.

"எனக்காகக் குடுத்துட்டியே, எவ்ளோ பெரிய மனசும்மா உனக்கு" என்றாயே, பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இங்கே நடந்த அவளுடைய நகைக் கண்காட்சியில் அவள் என் கழுத்தைப் பார்த்து "அய்யோ, எவ்ளோ அழகு!" என்றாள். நம் ஊர் வாய் என்ன சொல்லும்? "உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க" என்றேன். "உங்க கழுத்துலதான் அழகு" என்று அவள் சொல்லவேண்டும், அவ்வளவுதானே. அண்டை வீட்டுக்காரி என் அடுப்பைப் புகழ்ந்தபோதும் எடுத்துக்கோ என்றுதான் சொன்னேன், அடுப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. இவள் லண்டனில் வளர்ந்தவளாயிற்றே, கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டு, மாலையை வாங்கி மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்! உன் நஜாஹ் அத்தை வழியெல்லாம் "நல்லவேளை, என் தம்பிய அழகுன்னு சொல்லல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாலையில் நீ கோத்த வெள்ளிக் கைத் தாயத்தும் படிகாரக் கல்லும் நீலமணியும் உன் அண்ணன் சுஹைலின் தொப்பியில் கண் படாமலிருக்க நான் தைத்தவை. அவன் தவழும் முன்பே போய்விட்டான், ஒரு போட்டோகூட இல்லை. தொப்பியையும் பூச்சி அரித்துவிட்டது, இவைதான் மிஞ்சின. உன் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்து பார்த்தேன். கை தானாகக் கழுத்துக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. தாங்கவில்லையடி.

நேற்று அத்தையோடு ஸிரீன் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். கழுத்தில் அதேதான். "உங்களுக்கு எவ்ளோ அழகா இருக்கு!" என்றேன். "நன்றி" என்றாள். "ஆஹா, என்ன அழகு!" என்றாள் அத்தை. அவளுக்கும் ஒரு நன்றிதான் கிடைத்தது. அத்தை என் தொடையில் கிள்ளினாள். பிறகு ஸிரீன் சாதாரணமாக, "உங்கள எல்லாரும் சுஹைல் அம்மான்னு கூப்பிடுறாங்களே, சுஹைல் என்ன பண்றார்?" என்று கேட்டாள். நம் ஊரில் எத்தனையோ வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் எட்டி அவள் கழுத்திலிருந்த நீலமணியைத் தொட்டேன். "இதான்மா, இவ்ளோதான்" என்றேன். அவள் உடனே குனிந்து கழுத்தைக் காட்டினாள், அத்தைதான் கொக்கியைக் கழற்றினாள். ஸிரீனே அதை என் கழுத்தில் போட்டுவிட்டாள். அழுத அழுகையில் அதைச் செய்தது என் மகள்தான் என்றோ, உன் பெயர் இதுதான் என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். இன்று காலை அவள் ஊருக்குப் போய்விட்டாளாம்.

உனக்குக் கோபம் வரும். திட்டு, கேட்டுக்கொள்கிறேன். உனக்கு இரண்டு கைகள் இருக்கின்றன, ஆயுசு இருக்கிறது, இன்னும் நூறு மாலை செய்வாய். அவனுக்கு இது ஒன்றுதானே, ரவந்த்.

உன் விரல்களைக் கடவுள் காக்கட்டும், உன் வாசலில் நல்லவர்களே வந்து நிற்கட்டும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. காலணியை மறந்துவிடாதே.

இரண்டு பிள்ளைகளின் அம்மா,
இப்திஹாஜ்