பெல்ட்டில் காய்ந்த சேறு

ஜூலை 14, செவ்வாய்.

பெஹாலாவில் என் வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக் இன்று என் காரின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குச் சேறு காய்ந்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாம்.

சென்னையின் பழைய கார் டீலர் தமிழில் பேசுகிறானே என்று நம்பி, வண்டியைப் பார்க்காமலே இங்கே ஐந்து வருட லோன் போட்டவன் நான். பேங்க் பணத்தை நேராக அவனுக்கே அனுப்பியும் விட்டது. ஃபோன் செய்தேன்.

"வெளிமாநிலத்துக்குத்தாண்ணே இதெல்லாம் அனுப்புவோம். இங்க இருக்கிறவன் பெல்ட்ட இழுத்துப் பாத்துருவான்" என்றான். கூச்சமே இல்லை.

நாய்ப்பயல் என்று வெகுநேரம் திட்டினேன். பிறகு சோப்புத் தண்ணீர் எடுத்துப்போய் அந்தச் சேற்றைத் தேய்த்துக் கழுவினேன்.

ஆபீசுக்குத் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் முருகேசன் பழைய கார் தேடுகிறார். அவர் லோன் போட்டு வாங்கினால் என் லோன் அடைந்துவிடும். அவரைக் கூப்பிட்டேன். வண்டியை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டுமா என்று நானே கேட்டேன்.

"எதுக்கு சார்? தெரியாத ஊர்ல நம்ம ஆளுட்ட வாங்குனா நம்பி வாங்கலாம்லா."

வெள்ளிக்கிழமை வருகிறார். மழை விடவில்லை. அதற்குள் பெல்ட் காய வேண்டும்.