கயிற்றின் கடைசி ஆள்

2008 ஏப்ரல் 2

விமானங்கள் எல்லாம் ஷம்ஷாபாத் புது ஏர்போர்ட்டுக்குக் குடிபோய்ப் பத்து நாள் ஆகிறது. பேகம்பேட் பழைய ஏர்போர்ட்டில் இறங்க வருகிறவை எங்கள் லாலாகூடா மாடிக் கொடியில் காயும் துணியை உரசுவதுபோலப் போகும். இப்போது காக்கா மட்டும்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஐவி எழுதுகிறாள். "அப்படியே எழுதணுமா மாமா, திருத்தணுமா?" என்றாள். திருத்தினால் அது உன் டைரி ஆகிவிடும் என்றேன்.

இடது கிட்னியில் கட்டி. ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிய, கையில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். "படம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன்" என்றார் டாக்டர். கத்தி வைக்காவிட்டால்? மகன் கலேப்தான் கேட்டான். டாக்டர் பேனாவை மூடினார்.

ஏப்ரல் 9

நாளைக்கு ஸ்கேன். பயமில்லை என்று எழுதச் சொன்னேன். ஐவி எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஏப்ரல் 12

ஆஸ்பத்திரி வார்டிலிருந்து. இன்றுதான் பேச்சு சரியாக வருகிறது. சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேன் எடுக்கிற பெண் ஹம்ஸினி. தார்நாகாவில் வீடு, தமிழ்க் குடும்பம்தான். ஆனால் வாயில் தெலுங்கு முந்துகிறது. சீட்டில் கொர்னேலியஸ் என்று என் பேரைப் படித்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா தாத்தா?" என்று கேட்டாள். கலேப் முந்திக்கொண்டான். "அப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்லை. கல்லு மாதிரி."

"கல்லுக்கு எதுக்கு ஸ்கேன்?" என்றாள்.

படுக்க வைத்துக் கையில் ஊசியைப் பொருத்தினாள். அசையாதீங்க, மருந்து போகும்போது உடம்பு சூடாகும், கஷ்டமா இருந்தா சொல்லுங்க என்றாள்.

"நான் நல்லாத்தான் இருப்பேன்மா."

"அதான் பிரச்சினை. உங்க வயசு ஆளுங்க உயிர் போனாலும் 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்றீங்க. அதனால நான் கேக்க மாட்டேன். நீங்க பேசிட்டே இருங்க. கூட வேலை செஞ்சவங்க பேர் சொல்லுங்க. நான் 'சாலு, போதும்'னதும் நிறுத்துங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். குரல் மட்டும் மைக்கில் வந்தது.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் கயிறு இழுக்கும் போட்டிக் குழுவைச் சொல்லத் தொடங்கினேன். எட்டுப் பேர். நான் கடைசி ஆள் — கயிற்றைத் தோளில் சுற்றிப் போட்டு, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்கிறவன். முன்னாலிருந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். முனிரத்தினம். யாதகிரி. ரஹமத்துல்லா. சுந்தரேசன் — கணக்குப் பிரிவு, அய்யர் வீட்டுப் பிள்ளை, எல்லாம் நெய் பலம். சூடு ஏறியது. சரி, சொன்னதுதானே. அப்புறம் தொண்டையில் யாரோ பஞ்சை வைத்து அடைத்தார்கள். சொல்லலாமா? அசையாதே என்றாளே. கயிறு இழுக்கிறவன் வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும், பலம் போய்விடும் — உடம்பு அப்படியே பழகிவிட்டது. அடக்கிக்கொண்டு ஐந்தாவது பேரைச் சொன்னேன். டிசூசா. என் காதுக்குச் சரியாகத்தான் கேட்டது.

அவள் அதற்குள் என் பக்கத்தில் நின்றாள். மருந்து நின்றுவிட்டது. "தாத்தா, குரல் மாறிடுச்சு."

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வேன். எங்கள் வார்ப்படக் கூடத்தில் கொதிக்கிற இரும்பு சிந்தினால் ஒர்க்‌ஷாப் முழுக்கக் கத்தும். இங்கே யாரும் கத்தவில்லை. அவள் மணியை அழுத்தினாள், மேஜையை வெளியே இழுத்தாள், என் காலைத் தூக்கி வைத்தாள், மூக்கில் காற்று வைத்தாள். ஓடி வந்த டாக்டர் தொடையில் ஊசி குத்தினார். என் நாடி மேல் விரலை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், பாட்டு டீச்சர் தாளம் போடுவதுபோல. கண் இருட்டிக்கொண்டு வருது, ஆனா அந்தக் குரல் மட்டும் விடலை. விடவே இல்லை.

ஏப்ரல் 13

ஹம்ஸினி வார்டுக்கு வந்தாள். ஐவி டீ கொடுத்தாள். ஹம்ஸினி வாங்கும்போது கை நடுங்கி சாசரில் பாதி சிந்தியது.

"அன்னிக்கு நடுங்கலையேம்மா?"

"அன்னிக்கு டைம் இல்லை தாத்தா."

அவள் போன பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கயிற்றில் நான்தான் கடைசி. முன்னால் ஏழு முதுகு தெரியும், பின்னால் வெறும் மைதானம். எனக்குப் பின்னால் ஒரு ஆள் குதிகாலைப் புதைத்து நின்றது இதுதான் முதல் தடவை. அதுவும் முகம் தெரியாமல், கண்ணாடிக்குப் பின்னால், காதை மட்டும் என் தொண்டையில் வைத்துக்கொண்டு. கர்த்தரே, இப்படியும் ஒரு வேலையை உண்டாக்கினீரா?

ஏப்ரல் 21

படம் பாதியில் நின்றுவிட்டதல்லவா, மறுபடி எடுக்க வேண்டுமாம். முன்கூட்டியே மாத்திரை, வேறு மருந்து, பக்கத்திலேயே மயக்க டாக்டர். "நக்கோப்பா, வேணாம்" என்றான் கலேப். படம் இல்லாவிட்டால் கத்தி இல்லை. கத்தி இல்லாவிட்டால் டாக்டர் மூடிய பேனாதான்.

இந்தத் தடவை பயம் இருக்கிறது. எழுதிக்கொள் ஐவி.

மைக்கில் அந்தப் பெண் இருந்தால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 5

மாத்திரை போட்டாயிற்று. வாய் கசக்கிறது.

மே 6

படம் முழுசாக வந்துவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன்.

ஹம்ஸினிக்கு இன்று லீவாம். ஆனாலும் வந்திருந்தாள். மயக்க டாக்டர் கதவோரம் நின்றார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் போனதும் மைக் கரகரத்தது. "எட்டுப் பேர்னீங்க. எனக்கு அஞ்சு பேர்தான் வந்து சேர்ந்தாங்க. முதல்லேர்ந்து வாங்க."

முனிரத்தினம். யாதகிரி. ரஹமத்துல்லா. சுந்தரேசன். சூடு ஏறியது. டிசூசா என்றதும் நானே நின்றுவிட்டேன். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன்.

"குரல் பாகுந்தி தாத்தா, நல்லா இருக்கு. மேல போங்க."

மல்லேஷ். லக்ஷ்மிநாராயணன்.

"இவங்கள்லாம் இப்போ எங்க இருக்காங்க?"

"ஏழு பேரும் போயிட்டாங்கம்மா."

"எட்டாவது?"

"கொர்னேலியஸ். இருக்கான்."