குடிப்பீர்களா, குடித்தீர்களா

மார்ச் 4
துணி மடிக்கும் அறையிலிருந்து என்னை ஆபரேஷனுக்கு முந்தைய அறைக்கு மாற்றிவிட்டார்கள். நோயாளி வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறாரா என்று நாலு கேள்வி கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். பாதிப் பேருக்கு நம் பாஷை தெரியாது. இங்கிலீஷ்தான். எனக்கா!

மார்ச் 5
மகளிடம் ஒத்திகை. "டிட் யூ ஏட்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, 'டிட்' வந்தாலே நடந்து முடிஞ்சதுன்னு ஆயிடுச்சு. பின்னாடி 'ஈட்' போதும். ஒரு தலைக்கு எதுக்கு ரெண்டு குடை?"

மார்ச் 7
மானம் போச்சு. முழங்கால் ஆபரேஷனுக்கு ஒரு பெரியவர் வந்தார். ஈட்டும் ஏட்டும் தொண்டையில் முட்டிக்கொள்ள, எதற்கு வம்பு என்று, "டூ யூ டிரிங்க் காபி?" என்றேன். முகம் மலர்ந்து, "எஸ், ப்ளீஸ்!" என்றார். 'காபி குடித்தார்' என்று எழுதினேன். ஆபரேஷன் தள்ளிப்போனது.

அப்புறம்தான் தெரிஞ்சுது. பாவம் மனுஷன், ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல. நான் காபி தரப்போறேன்னு நினைச்சிருக்கார்!

தலைமை நர்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, துணி மடிக்கப் போயிடுங்க."

மார்ச் 8
மகள் கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 10
"காலையில சாப்பிட்டீங்களான்னு கேட்டா அது காலையோட போச்சு," என்றாள் மகள். "'ஹாவ் யூ ஈட்டன் எனிதிங் சின்ஸ் லாஸ்ட் நைட்'னு கேளு. ராத்திரி தொடங்கி இந்த நிமிஷம் வரைக்கும் வந்துடும்."

பாத்திரம் துலக்கும்போதும் ஈட்டன், பஸ்ஸிலும் ஈட்டன். பக்கத்து சீட்காரி தள்ளி உட்கார்ந்தாள்.

மார்ச் 19
பித்தப்பை ஆபரேஷனுக்கு ஓர் இங்கிலீஷ் டீச்சர். இந்த ஊர்க்காரர் இல்லை. காலை உணவு சாப்பிட்டீர்களா என்றதற்கு, "நோ." குறிக்கப் போனேன். மனசு கேட்கவில்லை. அந்த நீளக் கேள்வியையும் கேட்டேன். யோசித்தார். வரும் வழியில் காரில் இரண்டு பிஸ்கட்டாம்! அதெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியா என்று என்னையே கேட்டார்.

மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்தார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்தாம். ஆபரேஷன் நாளைக்கு. டீச்சர் என்னை முறைத்துக்கொண்டே போனார். தலைமை நர்ஸ் ஓர் அட்டையை நீட்டி, "அந்தக் கேள்வியை எழுதிச் சுவத்துல ஒட்டுங்க," என்றார்.

மார்ச் 20
டீச்சர் மறுபடி வந்தார். கேட்க வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டு அட்டையைப் படித்தார். பேனா வாங்கி, 'eatten' என்று நான் எழுதியிருந்ததில் கூடுதலாக இருந்த ஒரு 't'யை அடித்தார். பிறகுதான் பதில் சொன்னார்.

"நோ. நத்திங்."

குறித்துக்கொண்டேன்.