மேடு ஏறிய லாரி

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. உன் முதுகுவலி தேவலையா? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

எங்கள் ஒர்க்‌ஷாப்பில், மேடு ஏறத் திணறிய ஒரு லாரிக்கு டர்போ ஆக்சுவேட்டரை, அதாவது இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தை, மாற்றினார்கள். அப்போதும் வண்டி இழுக்கவில்லை. புதுசுக்கு, அதன் கம்பி எதுவரை நகரலாம், எங்கே நிற்கவேண்டும் என்று கம்ப்யூட்டரை மாட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதை மறந்திருந்தார்கள். தெரியாதவன் மாதிரி இருந்திருக்கலாம். என் கை சும்மா இருந்தால்தானே! நானே மாட்டிச் சொல்லிக்கொடுத்தேன். வண்டி பறந்தது.

“நீ ஊருக்குப் போயிட்டா இதெல்லாம் யாருப்பா பாப்பாங்க?” என்று முதலாளி சிரித்தபடியே, லீவுக்காக என்னிடம் கொடுக்க எடுத்த என் பாஸ்போர்ட்டை மறுபடி டிராயரில் வைத்துப் பூட்டினார்.

லீவு தள்ளித்தான் போயிருக்கிறது, கவலைப்படாதே. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். பாப்பாவின் பாதத்தை நூலால் அளந்து அனுப்பு. வாங்கி வைத்த செருப்பு இனி அவள் காலுக்குப் பத்தாது.